அம்மா பேரில் என் மூச்சு

மாதா கோயிலில் பூசை நேரத்தில் முட்டி போட்ட அம்மா எழுந்திருக்கவில்லை. எல்லோரும் எழுந்து நின்றாயிற்று, பாட்டும் தொடங்கிவிட்டது. அம்மா மட்டும் முன்பெஞ்சின் விளிம்பைப் பிடித்தபடி தரையிலேயே இருந்தாள். அவள் ஜெபத்தில் உருகிப் போயிருக்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கு அவளைத் தெரியும், அவ்வளவு பக்தியெல்லாம் கிடையாது. குனிந்து பார்த்தால் நெற்றி முழுக்க வேர்வை. "தூக்குடி, மானம் போவுது" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. நானும் பின்வரிசைப் பெண் ஒருத்தியும் ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினோம்.

வீடு திரும்பும்போது ஆட்டோவில் அவள் பேசியது ஒரே ஒரு விஷயம்தான். "பாண்டிச்சேரிக்குக் கூட்டிட்டுப் போ. ரெண்டு முட்டியும் மாத்திடலாம். ஒரே நாள்ல ரெண்டும்."

அந்த ஒரே நாளில்தான் வினை இருந்தது.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்த சமயம். முட்டி மாற்று ஆபரேஷன் என்பது எங்கள் பக்கத்தில் அப்போதுதான் காதில் விழ ஆரம்பித்திருந்தது. மங்கலம்பேட்டையில் அம்மாவுக்குப் பழக்கமான ஒரு அம்மாளுக்கு, வெளிநாட்டில் இருக்கும் மகன் ஏற்பாடு செய்து ஒரு முட்டியை மாற்றினான். மூன்று மாதம் கழித்து அடுத்ததைச் செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்த அம்மாள் போகவே இல்லை. முதல் முட்டியில் பட்ட வலியே ஆயுசுக்கும் போதும் என்று சொல்லிவிட்டாள். அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அம்மா பிடித்த பிடியை விடவில்லை. வலி தெரிவதற்கு முன்னாலேயே இரண்டையும் முடித்துவிட வேண்டும், தெரிந்துவிட்டால் மறுபடி போய்ப் படுக்க மனசு வராது என்றாள்.

அவளிடம் இன்னொரு நியாயமும் இருந்தது. அது கம்பெனியில் கற்றுக்கொண்டது. அம்மா இருபத்து நாலு வருடம் பொம்மைக் கம்பெனியில் வேலை பார்த்தவள். பீங்கான் பொம்மை செய்யும் சின்னச் சின்னப் பட்டறைகளை விருத்தாசலத்தில் கம்பெனி என்றுதான் சொல்வோம். அச்சில் வார்த்து எடுத்த பொம்மை காய்ந்ததும் இரண்டு ஓரத்திலும் பிசிறு நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவது அம்மாவின் வேலை. குட்டைப் பலகையில் முட்டியை மடக்கி உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பாள். வீட்டுக்கு வரும்போது புருவமும் கைரோமமும் வெள்ளையாக இருக்கும்.

ஜோடிக் கிளி, ஜோடி யானை என்று சேர்த்து விற்கும் பொம்மைகளை அங்கே ஒரே சூளையில் வைத்துத்தான் சுடுவார்கள். ஒன்றை இன்றைக்கும் மற்றதை அடுத்த சூளையிலும் வைத்தால் நிறம் ஒத்து வராது, ஜோடி கெட்டுவிடும். "காலும் ஜோடிதானே" என்றாள் அம்மா. "ஒண்ண இப்ப வச்சு ஒண்ண அப்புறம் வச்சா ஏடாகூடமாத்தான் வரும்." நானும் அதை நம்பினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பி.காம். படித்துவிட்டு ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்தவள் நான்.

பாண்டிச்சேரியில் நாங்கள் பார்த்த எலும்பு டாக்டர் அவசரப்படுகிற ஆள் இல்லை. முட்டி எக்ஸ்ரே இரண்டையும் வெளிச்சப் பெட்டியில் மாட்டி, எலும்பும் எலும்பும் உரசுவதைக் காட்டினார். பிறகு நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரே நாள்ல ரெண்டும் பண்ணலாம்மா, பண்றோம். ஒரே மயக்க மருந்து, ஒரே தடவை ஆஸ்பத்திரி, நடைப் பயிற்சியும் ஒரே தடவை. ஆனா ஒடம்புக்கு அது ரெண்டு அடி. ரத்தம் அதிகமா போவும். எலும்பைக் குடையும்போது உள்ள இருக்கிற கொழுப்பு கொஞ்சம் ரத்தத்துல கலந்து நுரையீரலுக்குப் போவும். இதயமும் நுரையீரலும் நல்லா இருக்கிறவங்க தாங்கிப்பாங்க. இல்லாதவங்களுக்கு நான் அப்படிப் பண்றதில்ல. நடுவுல மூணு மாசமாவது விட்டுத்தான் அடுத்த முட்டி."

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றாள் அம்மா. "சுகரு கூட இல்ல."

அவர் நெஞ்சு எக்ஸ்ரேயை எடுத்து மாட்டினார். கொஞ்ச நேரம் பார்த்தார். மேல்பக்கமாகப் பொடிப்பொடியாக ஏதோ தெரிகிறது, பழைய சளியாக இருக்கலாம், எப்போதாவது காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டதுண்டா என்று கேட்டார். இல்லை என்றோம். "என்ன வேலை பாத்தாங்க?"

"வூட்டுலதான் சார்" என்று சொன்னது நான்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கைப் படிவம் நிரப்பும்போது தாயின் தொழில் என்ற இடத்தில், எதிரே நிற்பவளைக் கேட்காமலே குடும்பத் தலைவி என்று எழுதுகிறவள் நான். என்னுடைய படிவங்களில் என் அம்மாவுக்கும் அதையேதான் எழுதி வந்தேன். வகுப்பில் பொம்மைக்காரி மகள் என்று கூப்பிடுவார்களோ என்று சின்ன வயதில் ஆரம்பித்த பழக்கம், வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அம்மாவும் மறுத்துப் பேசவில்லை. நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிற வண்டி எப்போதாவது கம்பெனிக்கு வரும். அன்றைக்குப் பெண்கள் எல்லோரும் இருமல் வராமலிருக்க நாக்குக்கடியில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். இருமல் வெளியே தெரிந்தால் நெஞ்சில் கோளாறு என்று எழுதி வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பயம். எத்தனை வருடமாக வேலை என்று கேட்டால் பத்து வருடம் தேய்த்தவளும் இப்போதுதான் வந்தேன் என்பாள். டாக்டர் என்றால் சமாளித்து அனுப்ப வேண்டிய ஆள் என்று அவர்கள் பழகியிருந்தார்கள். பாண்டிச்சேரிக்குப் போன அன்றைக்கும் அம்மாவின் வாயில் கிராம்பு இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கைப்பையைத் திறந்து அதை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

என் தொழில் புத்தியும் இதில் சேர்ந்துகொண்டது. மருத்துவச் சான்றிதழ் என்றால் எனக்கு அது ஒரு காகிதம். லீவு முடிந்து வரும் ஆசிரியர்கள் நீட்டுவதை வாங்கி ஃபைலில் சொருகியிருக்கிறேன். டாக்டர் ஆளையே பார்க்காமல் கையெழுத்துப் போட்டவையும் அதில் உண்டு என்பது ஊருக்கே தெரியும். அம்மாவுக்கும் ஆபரேஷன் தாங்குவாள் என்று ஒரு கையெழுத்து வேண்டும், அதை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்றுதான் ஓடினேன். ஈசிஜி பாஸ், எக்கோ பாஸ் என்று என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். மகள் பத்தாவது பாஸானபோதுகூட நான் அப்படித் துள்ளவில்லை.

கடைசியாகப் பார்த்தது மயக்க மருந்து டாக்டரை. சின்ன உருவம், என்னைவிட வயது குறைந்த பெண். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா என்று அம்மாவைக் கேட்டார். "படி ஏறியே நாலு வருசம் ஆவுதுங்க. முட்டி விட்டாத்தானே" என்றாள் அம்மா. டாக்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்தப் பதிலில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் கேட்டதற்குப் பதிலும் அதில் இல்லை. எங்கள் மூன்று பேரில் யாருக்கும் அது உறைக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முதல் நாள் காலையில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு கட்டில் போட்ட அறை. பக்கத்துக் கட்டிலில் பெண்ணாடத்து அம்மாள் ஒருத்தி. கரும்பு போடுகிற குடும்பம், அம்மாவைவிட வயதில் பெரியவள், ஒரு முட்டி மாற்றி மூன்று நாள் ஆகியிருந்தது. எங்களைப் பார்த்ததும், "ரெண்டும் ஒண்ணாவா, தைரியசாலிதான்" என்றாள். அம்மாவுக்கு அதைக் கேட்டதில் பெருமை தாங்கவில்லை.

மத்தியானம் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே மூன்று கண்ணாடிக் குழாய்போல அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குண்டு. பெட்டியிலிருந்து வரும் டியூபை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் குண்டுகள் மேலே ஏற வேண்டும். ஆபரேஷனுக்கு அப்புறம் நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க இது அவசியம், இன்றைக்கே பழகிக்கொள்ளுங்கள், சாயங்காலம் சிஸ்டர் வந்து எத்தனை குண்டு ஏறுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா முதலில் ஊதினாள். ஊதக் கூடாதும்மா, இழுக்கணும் என்றேன். இழுத்தாள். முதல் குண்டு பாதி உயரம் போய் நடுங்கிவிட்டு இறங்கியது. மறுபடி இழுத்தாள். இந்த முறை மேலே தொட்டது. மற்ற இரண்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. பெண்ணாடத்து அம்மாள் டிவியைப் பார்த்தபடியே தன் பெட்டியை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள். மூன்று குண்டும் டக் டக் டக்கென்று மேலே போய் முட்டி நின்றன. "பழவிட்டா வந்துடும்" என்றாள் பெருந்தன்மையாக. அம்மாவின் முகம் சுண்டிவிட்டது.

மத்தியானம் முழுக்க இழுத்துப் பார்த்தாள். நாலு தரம் இழுத்தால் ஒரு தரம் இருமல் வந்தது. இருமல் வரும்போதெல்லாம் துண்டை வாயில் பொத்திக்கொண்டு கதவைப் பார்த்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. மூக்கைப் பிடித்துக்கொள், நிமிர்ந்து உட்கார், கவனத்தை வேறெங்கும் விடாதே என்று பாடம் எடுத்தேன். மூச்சு விடத் தெரியாதவளுக்கு மூச்சு விடச் சொல்லிக் கொடுக்கிற டீச்சர்போல.

சாயங்காலம் அம்மா புடவையை மாற்றி ஆஸ்பத்திரி கவுனைப் போட்டுக்கொள்வதற்காகக் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து சிஸ்டர் அறைக்குள் வந்தார். "துணி மாத்துறீங்களா, மாத்துங்க. குண்டு எத்தினி ஏறுது?" என்று திரைக்கு வெளியே நின்று கேட்டார். கையில் சார்ட் இருப்பது திரையின் இடுக்கில் தெரிந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள். டியூபை வாயில் வைத்து இழுத்தேன். டக், டக், டக்.

"மூணும் ஏறுதே, நல்லாருக்குது" என்றார் சிஸ்டர்.

"ஏறுதும்மா" என்றாள் அம்மா.

பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் அடுத்த அறைக்குப் போனது. அம்மா கவுனின் நாடாவைக் கட்டச் சொல்லி முதுகைத் திருப்பினாள். நான் கட்டினேன். சார்ட்டில் அம்மா பேருக்கு நேராக என்னுடைய மூச்சு எழுதப்பட்டுவிட்டது. காலையில் அந்தக் காகிதத்தை நம்பித்தான் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போவார்கள். என் நெஞ்சுக்குத் தாங்குகிற ஆபரேஷனை அவள் நெஞ்சில் செய்வார்கள்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை இருந்ததெல்லாம் பதற்றம், பயம் வேறு. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒப்புதல் படிவத்தைக் கொண்டுவந்தார்கள். மகள் கையெழுத்துப் போட வேண்டும். படிவம் என்றால் ஒரு வரி விடாமல் படிக்கிறவள் நான். இரண்டு முட்டியையும் ஒரே சமயத்தில் மாற்றுவதில் ரத்தப்போக்கு, மாரடைப்பு, நுரையீரல் அடைப்பு, மரணம் ஆகியவை நேரக்கூடும் என்பது எனக்கு விளக்கப்பட்டது என்று இருந்தது. அதற்குக் கீழே, நோயாளியைப் பற்றி நான் கொடுத்த தகவல்கள் அனைத்தும் உண்மை. அந்த வரியில் கண் நின்றுவிட்டது. பேனா எழுதவில்லை, வேறு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பேனா நன்றாகத்தான் எழுதியது.

வராந்தாவில் நின்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் நல்ல மனுஷன், யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். "அவ்ளோ பெரிய டாக்டருங்க, பாத்துக்க மாட்டாங்களா? நீ சும்மா மனசப் போட்டு ஒழப்பிக்காத" என்றார். அவர்களைப் பார்க்க விடாமல் மறைத்ததே நான்தான். போனை வைத்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் அம்மா பாத்ரூமுக்குப் போக வராந்தாவில் வந்துகொண்டிருந்தாள். அறைக்குள் இருந்த பாத்ரூமைப் பெண்ணாடத்து அம்மாள் பிடித்துக்கொண்டிருந்தாள்போல. பத்தடி நடந்து நின்றாள். சுவரில் ஒரு கையை ஊன்றினாள். மறுபடி கொஞ்சம் நடந்து நின்றாள். வீட்டில் நாலைந்து வருடமாக நான் தினமும் பார்க்கிற நடைதான். முட்டி வலி, நிற்கிறாள் என்று தாண்டிப் போய்விடுவேன். அன்றைக்குத்தான் இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். முட்டி வலிக்கிறவள் குனிந்து முட்டியைப் பிடிப்பாள், தொடையை அமுக்குவாள். அம்மாவின் கை நெஞ்சில் இருந்தது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. வாய் திறந்திருந்தது.

இத்தனை வருடமும் முட்டி வலி அவளை வேகமாக நடக்க விடவில்லை, படியேற விடவில்லை. மூச்சு வாங்குகிற வேலை எதையுமே அவள் செய்யவில்லை. மூச்சு கெட்டுப்போனது வெளியே தெரியாமல் முட்டி மூடி வைத்திருந்தது. நான் அதன் மேல் கிராம்பையும் வைத்து மூடினேன்.

மயக்க மருந்து டாக்டரைத் தேடி ஓடினேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இல்லை, அவர் அறையில் இல்லை. கிளம்பிவிட்டார் என்றார்கள். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்கூட்டியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். "மேடம்" என்று கூப்பிட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அழுகிறவர்களைப் பார்த்துப் பழகியிருப்பார், வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு நின்றார்.

கோர்வையாகச் சொல்லவில்லை. பொம்மை, உப்புத்தாள், கிராம்பு, குண்டு என்று முன்னும் பின்னுமாக உளறினேன். அவர் நடுவில் புகுந்து கேள்வி கேட்டார். எத்தனை வருஷம்? தண்ணி தொட்டுத் தேய்ப்பாங்களா, காய்ஞ்சதையே தேய்ப்பாங்களா? மூஞ்சியில துணி கட்டுவாங்களா? காய்ந்ததைத்தான், துணி கட்டினால் வேர்க்கிறது என்று கட்ட மாட்டார்கள் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே மாடிக்கு வந்தார்.

அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "இழுங்கம்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இழுத்தாள். ஒரு குண்டு ஏறியது. டாக்டர் அவள் விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, கையைப் பிடித்து, வராந்தாவின் அந்தக் கோடிவரை மெல்ல நடக்க வைத்துக் கூட்டிவந்தார். கிளிப்போடு சேர்ந்த சின்ன மீட்டரில் ஆக்சிஜன் எண் இறங்கிக்கொண்டே வந்தது. நான் பின்னாலேயே நடந்தேன். எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது, டாக்டரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு ஆபரேஷன் இல்லம்மா" என்றார் அவர். "முதல்ல நெஞ்சு டாக்டர் பாக்கணும். அப்புறமும் ஒரே நாள்ல ரெண்டு முட்டி உங்களுக்குக் கெடையாது. ஒண்ணுதான். அடுத்ததைப் பத்தி அப்புறம் பேசலாம்."

அம்மா விடவில்லை. ஜோடிக் கிளியைச் சொன்னாள், சூளையைச் சொன்னாள், நிறம் ஒத்து வராததைச் சொன்னாள். டாக்டர் முழுசாகக் கேட்டார். "சூளையைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. உங்க மூச்சை இப்பப் பாத்தேன். அது ரெண்டுக்குப் பத்தாது" என்றார்.

மறுநாள் பஸ்ஸில் விருத்தாசலம் வருகிறவரை அம்மா என்னோடு பேசவில்லை. அதற்கப்புறமும் ஒரு மாதம் பேசவில்லை. நெஞ்சு டாக்டர், தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகிவிட்டது, அதை வெளியே எடுக்க மருந்து கிடையாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். இழுக்கிற மருந்து கொடுத்தார். குண்டுப் பெட்டியைத் தினமும் இழுக்கச் சொன்னார். அம்மா டிவி மேல் அதை வைத்து, நேரம் தவறாமல் இழுத்தாள். என்னிடம் பேச வேண்டியதை என் மகளிடம் சொல்லி அனுப்பினாள். பார்க்க வந்தவர்களிடம், "எம் பொண்ணு பயந்து கெடுத்துட்டா" என்றாள். அது உண்மைதான்.

ஒரு மாதம் கழித்து இடது முட்டியை மட்டும் மாற்றினார்கள். எந்தக் கால் என்று டாக்டர் அவளையே கேட்டார். "வலது காலு இன்னும் கொஞ்ச நாளைக்கு ஓடும். எடதப் பண்ணுங்க" என்றாள். இடுப்பில் ஊசி போட்டு மரக்க வைத்துச் செய்ததால் பேசிக்கொண்டே உள்ளே போனாள், பேசிக்கொண்டே வெளியே வந்தாள். என்னிடம் இல்லை, தள்ளுவண்டி தள்ளியவரிடம். அன்றைக்கு எனக்கு, வீணாகப் பயந்தோமோ, இரண்டையும் செய்திருந்தாலும் இப்படியே பேசிக்கொண்டு வந்திருப்பாளோ என்று தோன்றியது.

மறுநாள் பத்து மணி வாக்கில் மூச்சு திணற ஆரம்பித்தது. உதடு கறுத்தது. ஐசியூவுக்குக் கொண்டுபோய் முகத்தில் மாஸ்க் போட்டார்கள். என்னைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். எலும்பு டாக்டர் வந்து, "ஒரு முட்டிக்கே நெஞ்சு இப்படித் தவிக்குது. பாக்கலாம், சமாளிச்சுடுவாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த ஒரு முட்டிக்கே என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாக இருந்திருந்தால் என்றே மனசு திரும்பத் திரும்பப் போயிற்று. உட்கார நாற்காலி இருந்தது, உட்கார்ந்தால் கண்ணாடியில் அவள் தெரிய மாட்டாள். நின்றேன். அவள் நெஞ்சு ஏறும்போது என்னையறியாமல் நானும் மூச்சை இழுத்தேன், இறங்கும்போது விட்டேன். என்னுடையதில் கொஞ்சம் அங்கே போய்ச் சேரும் என்கிற பைத்தியக்கார எண்ணம். இரண்டு பகல் அப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் மாஸ்க்கை எடுத்தார்கள். அந்த இரண்டு நாளில் அம்மாவுக்கு நினைவு தெளிவாக இல்லை என்றுதான் நான் நினைத்தேன். அதைப் பற்றி அவளிடம் பேசவும் இல்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதத்தில் இடது கால் நேராகிவிட்டது. வலது கால் பழையபடி வளைந்தே இருந்தது. "பாரு, ஜோடி கெட்டுப்போச்சு" என்று புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவாள். என்னிடம் பேச ஆரம்பித்திருந்தாள், ஆனால் முக்கால்வாசி அந்தக் குறைதான். ரெண்டும் பண்ணியிருந்தா இந்நேரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்திருப்பேன் என்பாள். அவள் தூங்கும்போது மூச்சு சீராக வருகிறதா என்று கவனிக்கிற வழக்கம் மட்டும் எனக்கு வந்துவிட்டது. இன்னொரு முட்டியை எப்போது செய்யலாம் என்று யாராவது கேட்டால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியில் அம்மாவுக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் வந்தாள். அவளுக்கும் இரண்டு முட்டியும் போய்விட்டது. அடுத்த வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போகிறாளாம். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். "யக்கா, ரெண்டும் ஒண்ணா முடிச்சுக்கலாம்னு இருக்கிறேன். டாக்டரு கேட்டா என்னா சொல்லணும், என்னா சொல்லக் கூடாது?" என்று அவள் கேட்பது காதில் விழுந்தது. கிராம்பு என்று அம்மா ஆரம்பித்தால் குறுக்கே போய் விழுந்துவிடுவது என்று கரண்டியோடு வாசற்படி வரை வந்துவிட்டேன்.

அம்மா முதலில் இருமினாள். துண்டைத் தேடாமல், வாயைப் பொத்தாமல் இருமி முடித்தாள்.

"கம்பெனியில வேல செஞ்சேன்னு சொல்லு. எத்தினி வருசம்னு கேட்டா உள்ளதச் சொல்லு. வாயில கிராம்பு வச்சுக்கினு போவாத" என்றாள். "அப்புறம் மூணு குண்டு போட்டு ஒரு பொட்டி குடுப்பாங்க. அத நீதான் இழுக்கணும். எவ்ளோ ஏறுதோ அவ்ளோதான். உம் பொண்ணு கையில குடுத்துடாத."

"ஏங்க்கா, அதுல என்னா இருக்குது?"

"ஒரு முட்டிக்கே ரெண்டு நாளு மூச்சுக்குத் தவிச்சுக் கெடந்தேன். கண்ணாடிக்கு அந்தாண்ட நின்னுக்கினு இவளும் எங்கூடவே இழுத்துக்கினு இருந்தா. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

டீயை எடுத்துக்கொண்டு வெளியே வர எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.